வளைவும் வேண்டாம், குவிமாடமும் வேண்டாம். தள்ளுகிற கூரை ஒன்று போடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிடுங்கள். அன்று காலைதான் நம் பள்ளி முன்னாள் மாணவர்களின் நூற்றாண்டு விழாக் கூட்டம். அங்கே எனக்கு மைக் எத்தனை நிமிடம் கிடைக்குமோ தெரியாது. கிடைத்தாலும் பாதியில் டீ வந்துவிடும். அதனால் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

விழாக் குழுவின் திட்டம் எல்லோருக்கும் தெரியும். சாலையோரம் ஒரு நுழைவு வளைவு. அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஃபைபர் குவிமாடம் ஒன்று, அதற்குள் ஒரு தொலைநோக்கி. போன வாரம் குழுவிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மூவருமே என்னிடம் படித்தவர்கள். "சார், நீங்கதானுங்க வானத்தப் பத்திச் சொல்லிட்டே இருப்பீங்க. குவிமாடத்துக்கு உங்க பேரையே வெச்சரலாம்னு இருக்கறோமுங்க" என்றார்கள். வேண்டாம் என்று சொன்னேன். பேரும் வேண்டாம், குவிமாடமும் வேண்டாம் என்றேன். அவர்கள் முகம் வாடிவிட்டது. காப்பியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

வாத்தியாருக்கு வயதாகிவிட்டது, எதைச் சொன்னாலும் குறுக்கே நிற்கிறார் என்று இப்போது பேச்சு. இல்லை. எனக்குக் காரணம் இருக்கிறது.

என் வீட்டுக் கொல்லையில் இருப்பதை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஹாலோ பிளாக் சுவர், மேலே கலர் ஷீட் கூரை. கூரை முழுவதும் சக்கரத்தின் மேல் நிற்கிறது. பிடித்துத் தள்ளினால் தண்டவாளத்தில் உருண்டு அந்தப் பக்கம் போய்விடும், மேலே வானம் மட்டும் மிஞ்சும். கட்டும்போது தெருவில் போன எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ஏனுங்க வாத்தியாரே, கோழிப் பண்ணை போடறீங்களா?" என் மச்சான் இன்னும் அதைப் பண்ணை என்றுதான் சொல்கிறார். பரவாயில்லை. கோழிப் பண்ணை மாதிரி இருப்பதுதான் அதன் பெருமை. நம் ஊர் வெல்டிங் பட்டறையில் செய்யக்கூடியது, நம் ஊர்க் கொத்தனார் கட்டக்கூடியது என்று அதற்கு அர்த்தம். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். இயற்பியல் பட்டம் கிடையாது. நான் கட்ட முடிந்ததை யாரும் கட்டலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், மொட்டைமாடி. தொலைநோக்கி வைப்பதற்கு மிக மோசமான இடம் கான்கிரீட் மொட்டைமாடி. பகல் முழுக்கக் குடித்த வெயிலை அது இரவு பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டுக் காற்று மேலெழும்போது, தோசைக் கல்லுக்கு மேல் பார்த்தால் எதிரில் இருப்பது நெளியுமே, அப்படி வியாழனும் சனியும் நெளியும். இரண்டாவது, அதிர்வு. தொலைநோக்கி நூறு மடங்கு பெருக்கிக் காட்டினால், அதன் ஆட்டத்தையும் நூறு மடங்கு பெருக்கித்தான் காட்டும். மாடித் தளத்தில் ஒரு பையன் கால் மாற்றி நின்றால் போதும், சனி கண்ணாடிக்குள் குதிக்கும்.

என் கொட்டகையில் தொலைநோக்கி நிற்கும் தூணுக்கும் தரைக்கும் தொடர்பே கிடையாது. மூன்றடி ஆழக் குழி தோண்டி, அதில் கான்கிரீட் போட்டு, அதன் மேல் எட்டு அங்குல இரும்புக் குழாயை நிறுத்தி, உள்ளே மணல் நிரப்பினேன். தரைத்தளம் போடும்போது தூணைச் சுற்றி ஒரு அங்குலம் இடைவெளி விட்டுத் தெர்மாகோல் வைத்தேன். கொத்தனார் "சந்து விட்டா எறும்பு வருமுங்க" என்றார். எறும்பு வரத்தான் செய்கிறது. ஆனால் இருபது பிள்ளைகள் சுற்றி நடந்தாலும் நிலா அசையாமல் நிற்கிறது.

அடுத்து, குவிமாடம். அதன் நன்மைகளை மறைக்க மாட்டேன். காற்றைத் தடுக்கும், பனியைத் தடுக்கும், தெரு விளக்கை மறைக்கும். ஜவ்வாது மலை காவலூரில் வைணு பாப்பு பெயரில் இருக்கிறதே, 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986-இல் தொடங்கிவைத்தது, அது குவிமாடத்தில்தான் இருக்கிறது. அங்கே வேலை ஆராய்ச்சி. நம் பள்ளியில் வேலை என்ன? பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுவது. குழு விலை கேட்டிருக்கும் எட்டடி விட்டமுள்ள குவிமாடத்துக்குள் நாலு பேர் நிற்கலாம். அந்த நாலு பேருக்கும் தெரிவது ஒரு நீளச் சந்து. மீதி முப்பது பேர் மாடிப்படியில் வரிசையில் நிற்பார்கள். உள்ளே நிற்கிற பிள்ளை, "இப்போது கண்ணாடியில் பார்த்தது வானத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் காட்டுவதற்கு வானமே இருக்காது. தள்ளுகிற கூரையை விலக்கினால் வகுப்பு மொத்தமும் வானத்தடியில் நிற்கும். ஒருவன் கண்ணாடியில் கண் வைத்திருக்கும்போது மற்றவர்கள் வெறுங்கண்ணால் ஓரியனின் மூன்று நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

தள்ளுகிற கூரை ஏழைகளின் ஏற்பாடு என்று குழுவில் ஒருவர் சொன்னாராம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் அபாச்சி பாயிண்ட் என்றொரு இடம். ஸ்லோன் வான ஆய்வுக்காகக் கட்டிய 2.5 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. லட்சக்கணக்கான விண்மீன் மண்டலங்களை அளந்த கருவி. அதற்குக் குவிமாடம் கிடையாது. பகலில் அதை மூடியிருக்கும் கொட்டகை, இரவில் சக்கரத்தில் உருண்டு விலகிப்போகிறது. அவர்களுக்குப் பணம் இல்லாமலா அப்படிக் கட்டினார்கள்?

வெளிநாட்டுப் படத்தை அப்படியே காப்பியடித்தாலும் ஆகாது. அந்தத் தப்பை நானே செய்தேன். இணையத்தில் பார்த்த வரைபடங்களில் பெரும்பாலும் கூரை வடக்கே உருள்கிறது. நானும் வடக்குப் பக்கம் இரண்டு கம்பம் நட்டுவிட்டேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. துருவ நட்சத்திரம் ஒரு ஊரின் வானத்தில் எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கும்? அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. ஆறாம் வகுப்புக்கு நானே நடத்திய பாடம். லண்டனில் அது 51 டிகிரி உயரத்தில் நிற்கிறது. கூரையை வடக்கே தள்ளினாலும் அதற்கு மேலே நன்றாகத் தெரியும். நம் தாராபுரம் பக்கம் பத்தே முக்கால் டிகிரிதான். வடக்கே தள்ளிய கூரை துருவ நட்சத்திரத்தை முழுசாக மறைத்துவிடும். அது தெரியாமல் தொலைநோக்கியின் அச்சை வடக்குக்கு நேராக நிறுத்துவது பெரும்பாடு.

சரி, தெற்கே தள்ளலாமா? அதைவிட மோசம். தெற்கு வானம் நமக்குக் கிடைத்த சொத்து. ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்து, பல லட்சம் நட்சத்திரங்கள் சேர்ந்த பந்து, லண்டனில் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்கு 30 டிகிரிக்கு மேலே வந்து நிற்கிறது. அகத்திய நட்சத்திரம், தென்சிலுவை, ஆல்ஃபா சென்டாரி எல்லாம் தெற்கேதான். அதனால் நட்ட கம்பங்களைப் பிடுங்கி மேற்கே நட்டேன். மேற்கே ஏற்கெனவே பக்கத்து வீட்டு மாடி மறைத்துக்கொண்டுதான் இருக்கிறது. எந்தப் பக்கம் வானம் ஏற்கெனவே கெட்டிருக்கிறதோ அந்தப் பக்கம் கூரையைத் தள்ளு. இதுதான் விதி. இதனால் எனக்கு நஷ்டம், மாலையில் மேற்கே தாழ்வாக நிற்கும் வெள்ளி. அதைக் களத்துமேட்டில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் அடிக்கிற காற்று நமக்குத் தெரியும். காற்றாலைக்காரர்கள் சும்மாவா இங்கே வந்தார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிலோ எடைக்குச் சமம். என் கூரையின் பரப்பு 15 சதுர மீட்டர். அழுத்தம் முழுவதும் மேல்நோக்கி இழுத்தால் 360 கிலோ. கூரையின் எடையோ 200 கிலோதான். பூட்டு இல்லாவிட்டால் கூரை பக்கத்துத் தென்னந்தோப்பில்தான் கிடக்கும். அதனால் நாலு மூலையிலும் டர்ன்பக்கிள் போட்டு முறுக்கி வைத்திருக்கிறேன். தண்டவாளம் என்பது கவிழ்த்து வைத்த ஆங்கிள் இரும்பு. சக்கரம், ஸ்லைடிங் கேட்டுக்குப் போடுகிற பள்ளச் சக்கரம், பக்கத்துக்கு மூன்றாக ஆறு. எல்லாம் திருப்பூரில் கடைவீதியில் கிடைப்பவை. கட்டடத்துக்கு மட்டும் எனக்கு ஆன செலவு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். குழு வளைவுக்கு மட்டும் வாங்கியிருக்கும் கொட்டேஷன் நாலரை லட்சம்.

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். "போன்லயே எல்லாம் தெரியுதே சார். நாசா படத்த விடவா உங்க கண்ணாடியில நல்லாத் தெரியப்போகுது?"

தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். என் எட்டு அங்குலக் கண்ணாடியில் சனி ஒரு மிளகு அளவுதான். ஆனால் போன நவம்பரில் நடந்ததைக் கேளுங்கள். மழை விட்ட ஒரு மாலை, பதினான்கு பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்ணை வைத்துவிட்டு உடனே எடுத்தான். "சார், வளையமே காணோமுங்க. குறுக்கால ஒரு கோடுதான் தெரியுது. புத்தகத்துல தப்பாப் போட்டிருக்காங்களா?" என்றான்.

புத்தகத்தில் தப்பில்லை. அவன் பார்த்ததும் தப்பில்லை. 2025-இல் சனியின் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியிருந்தது. ஏறத்தாழ பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை அப்படி ஆகும். உள்ளே போய் ஒரு சோற்றுத் தட்டை எடுத்துவரச் சொன்னேன். முகத்துக்கு நேரே பிடித்தால் வட்டம், கண் மட்டத்தில் படுக்கப் பிடித்தால் கோடு. அவ்வளவுதான் பாடம். 2032 வாக்கில் வளையம் அகலமாக விரிந்திருக்கும், அப்போது வந்து பார் என்றேன். அவன் விரல்விட்டு எண்ணி, "அப்ப நான் காலேஜுல இருப்பேனுங்க" என்றான். நாசா படத்தில் வளையம் எப்போதும் விரிந்தே இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்த எந்தப் பையனும் என்னிடம் வந்து புத்தகம் தப்பா என்று கேட்டதில்லை. கேள்வி கேட்க வைத்தது அந்த மிளகுதான்.

இப்போது இதைச் சொல்லாமல் நான் குழுவைக் குறை சொல்வது நியாயமில்லை.

1990-களின் கடைசியில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், சனிக்கு வளையம் இருக்கறத நீங்க பாத்திருக்கீங்களா?" நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உக்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அந்த வருடம் அவள் என்னிடம் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அடுத்தது இன்னும் மோசம். 2009, உலக வானியல் ஆண்டு. அதையொட்டி நம் பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி நன்கொடையாக வந்தது. மாலை போட்டுப் படம் எடுத்தோம். பிறகு அது பெட்டியோடு பீரோவுக்குள் போனது. எடுத்தால் உடையும், உடைந்தால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது என்ற பயம். அறிவியல் ஆய்வகத்தின் இருப்புப் பதிவேடு என் பொறுப்பு. ஒவ்வொரு வருடமும் "தொலைநோக்கி, இருப்பு 1" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓய்வு பெறும் வரை பத்து முறை. பொறுப்பை ஒப்படைக்கும் நாளில்தான் பெட்டியைத் திறந்தேன். கண்ணாடி முழுக்கப் பூஞ்சை, சிலந்தி வலை மாதிரி. ஒரு பிள்ளைகூட அதன் வழியாக எதையும் பார்த்ததில்லை. பதிவேட்டில் மட்டும் இருப்பு சரியாக இருந்தது.

யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை. அந்தத் தொலைநோக்கியை வெளியே தூக்கி வந்து, முக்காலியை விரித்து, மட்டம் பார்த்து, வடக்கு பார்த்து நிறுத்த முக்கால் மணி நேரம் ஆகும். முடிந்ததும் மறுபடி எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். ஒன்பது மணிப் பஸ்ஸைப் பிடிக்கிற வாத்தியார் இதைச் செய்ய மாட்டார். நானே செய்யவில்லையே. இன்று என் கொட்டகையில் டர்ன்பக்கிளைத் தளர்த்திக் கூரையைத் தள்ள மூன்று நிமிடம். கண்ணாடி நட்டது நட்டபடி நிற்கிறது. அதனால்தான் முட்டி வலியோடும் வாரத்தில் நாலு நாள் பார்க்கிறேன். எடுத்து வைப்பதற்குச் சோம்பல் வராத இடம் இருந்தால்தான் கருவிக்கு வேலை இருக்கும். ஃபைபர் குவிமாடத்துக்கு மாடிச் சாவி ஒன்று, கதவுச் சாவி ஒன்று, மோட்டாருக்குக் கரண்ட். மோட்டார் பழுதானால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வர வேண்டும். நான் எழுதித் தருகிறேன், இரண்டாவது வருடம் அது மாடியில் இருக்கும் பீரோ ஆகிவிடும்.

"வானத்தப் பாத்து என்ன வேலை கெடைக்கும்?" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1786-இல் சென்னை எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி தனிப்பட்ட முறையில் ஒரு வானாய்வகம் வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகம். அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். 1867-இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது பொதுமக்களுக்குப் புரியும்படி சிறு நூல் எழுதினார். பஞ்சாங்கத்தில் கணித்ததைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று வாதாடியவர் அவர். அந்தப் பெண் என்னிடம் கேட்டதும் இதைத்தானே? பார்த்திருக்கிறீர்களா?

எதிர்ப்பில் நியாயமானது ஒன்று உண்டு. பெண் பிள்ளைகளை இருட்டில் பள்ளிக்கு வரச் சொல்வதா என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். சரியான கேள்வி. ஏழு மணிக்கு இருட்டிவிடுகிறது, எட்டரைக்கு முடித்துவிடலாம், கூடவே ஒரு அம்மாவோ பாட்டியோ வரட்டும். வந்தால் அவர்களும் பார்க்கட்டும். பள்ளி மைதானத்து வெள்ளை விளக்கைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிச்சம் தரையில் விழட்டும், வானத்தில் விழ வேண்டாம். எங்கள் தெருவிளக்கு மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. அதைத் திருப்பி ஒரு மூடி போடச் செய்ய எட்டு மாதம் நடந்தேன். போட்ட பிறகு தெருவில் வெளிச்சம் கூடியிருக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மிணியே சொன்னார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்கு என் கோரிக்கை இதுதான். வளைவைக் கைவிடுங்கள். நூறு வருடமாக அந்தப் பள்ளிக்கு வழி தெரியாமல் யாரும் திரும்பிப் போனதில்லை. மைதானத்தின் மூலையில், வேப்பமரத்துக்கு எட்டி, தரையில் பன்னிரண்டுக்குப் பதினைந்தடியில் ஒரு கொட்டகை போடுங்கள். தெற்குச் சுவர் தாழ்வாக இருக்கட்டும், பத்து வயதுப் பிள்ளைக்கு எட்ட வேண்டும். கூரை மேற்கே உருளட்டும். பூட்டுச் சாவி தலைமையாசிரியர் அறையில் ஒன்று, ஒன்பதாம் வகுப்புத் தலைவரிடம் ஒன்று. பதிவேட்டில் "இருப்பு" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, "எத்தனை பேர் பார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள்" என்று கட்டம் போடுங்கள். பிள்ளைகளே எழுதட்டும். கண்ணாடி உடைந்தால் உடையட்டும், மாற்றிக்கொள்ளலாம். பகலில் மட்டும் பெரியவர் இல்லாமல் திறக்கக் கூடாது. சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும். அந்த ஒரு விஷயத்தில் தளர்வு வேண்டாம்.

இதைச் செய்வதாக இருந்தால் என் ஓய்வூதியத்திலிருந்து ஐம்பதாயிரம் தருகிறேன். தூண் குழியை நானே நின்று தோண்டிக் காட்டுகிறேன். தை முதல் சித்திரை வரை வானம் தெளிவாக இருக்கும் மாதங்களில் வாரம் இரண்டு நாள் நானே வந்து கூரையைத் தள்ளுகிறேன். என் பெயரை மட்டும் எங்கேயும் எழுத வேண்டாம். குவிமாடம்தான் என்று முடிவானால் வாழ்த்துகிறேன், சண்டை போட மாட்டேன், ஆனால் பணமும் தர மாட்டேன்.

அந்த மூன்று பேருக்கும் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள் கண்ணுகளா. காப்பி பாக்கி இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கூரையை நீங்களே தள்ளிப் பாருங்கள். பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கையைத் தூக்குங்கள்.

நீங்கள் எல்லோரும்தான் வர வேண்டும். மேகம் இருந்தால் சுண்டலாவது இருக்கும்.